முப்பத்தோரு புள்ளி

இந்தியத் திருநாட்டில் கழிவுநீர்ப் பதிவேட்டில் உண்மையை எழுதுகிற ஒரே மனிதன் தான்தான் என்று காளவாசல் டீக்கடையில் அருண்பாண்டி அறிவித்தபோது, அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. முதலில் தமிழ்நாடு என்றுதான் சொல்ல நினைத்தான். மற்ற மாநிலங்களை எதற்காக விட்டுவைக்க வேண்டும் என்று தோன்றியதால் நாடு முழுவதையும் சேர்த்துக்கொண்டான்.

எதிரே ஜூடு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மறுக்கிற நிலையில் அவன் இல்லை. இருவரும் பசுமலைப் பக்கம் ஒரே கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே வேலை. தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தை நடத்துவது. ஜூடு ஒரு பெரிய மில்லில் இருந்தான். அருண்பாண்டி, நகருக்கு மேற்கே பதினோரு சுங்குடிச் சாயப்பட்டறைகள் சேர்ந்து கட்டிய சின்ன நிலையத்தில் இருந்தான். வெளியேறும் தண்ணீரை அன்றாடம் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. ஜூடு மாதம் முழுவதற்கும் ஒன்றாம் தேதியே எழுதிவிடுவான். போன பிப்ரவரியில் எழுதிய வேகத்தில் முப்பதாம் தேதிவரை போய்விட்டான். சோதனைக்கு வந்த அதிகாரி பிப்ரவரி முப்பதுக்கு எதிரிலும் பச்சை மையில் டிக் போட்டு, ‘திருப்தி’ என்று எழுதியிருந்தார்.

“இதெல்லாம் ஒரு பொழப்பாடா?” என்றான் அருண்பாண்டி. “நாளைக்கு வர்ற தண்ணிக்கு இன்னைக்கே நெறம் எழுதுறதுக்கு, நீ கிளி ஜோசியம் பாக்கப் போகலாம்.”

“கிளிக்கு நெல்லு போடணும் மாப்ள. இதுக்குப் பேனா போதும்.”

அருண்பாண்டியின் பதிவேடு வேறு மாதிரி இருக்கும். ‘12-ம் தேதி: தொட்டியில் நாய் விழுந்தது. நாய் நலம். அளவு எடுக்கவில்லை.’ ‘19-ம் தேதி: தெரியாது. அத்தை மகள் கல்யாணத்தில் இருந்தேன்.’

நிலையம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாயத்தண்ணீர் முதல் தொட்டியில் சேரும். இரண்டாவதில் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு அருண்பாண்டி மூங்கில் கழியால் கிண்டுவான். மூன்றாவதில் கசடு அடியில் தங்கும். நான்காவதில் மணலும் கரியும் வடிகட்டும். சரிவில் கட்டியதால் தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கிப் போகும், மோட்டார் கிடையாது. கடைசியில் ஒரு பள்ளம் நிறைய நாணல். கரி விட்டுவிட்ட சாயத்தை நாணல் வேர் பிடித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்துவிட்டு, வைகைக் கரையிலிருந்து சாக்குச் சாக்காகப் பிடுங்கி, பைக்கில் கட்டிக்கொண்டு வந்து அவனே நட்டது. முதல் வருடம் பாதி செத்தது. மூன்றாம் வருடம், அரக்குச் சிவப்பாக உள்ளே போன தண்ணீர் கண்ணாடி போல வெளியே வந்தது. பதினோரு அரசுத் தேர்வுகளில் தோற்ற ஒருவனுக்கு, கை வைத்து உருப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

நாணலுக்குக் கீழே சோணையம்மாளின் அரை ஏக்கர் சம்பங்கி. கிணறு வற்றிய பிறகு அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சிவந்தாள். அவளுக்குத் துறை, வாரியம் எதுவும் தெரியாது. தம்பி நல்லது என்றால் வாய்க்காலைத் திறப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொழிற்கழிவுநீர் நிலைய வகைப்பாட்டு ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது.

எந்த நிலையம் எந்த வகை என்று தெரியாமல் நாடு தத்தளிப்பதைக் கண்டு தொடங்கப்பட்டது அந்த ஆணையம். அதன் முதலாண்டு மலரின்படி, அந்த ஆண்டில் நானூற்றுப் பன்னிரண்டு நிலையங்கள் வகைப்படுத்தப்பட்டன. அவற்றில் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது கண்டறியப்பட்டு, விளக்கம் கேட்கப்பட்டது.

வகைக்குப் புள்ளி உண்டு. முப்பது புள்ளிவரை நான்காம் வகை. அதற்கு இயக்குநர் தேவையில்லை, காவலாளி போதும். முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தைந்துவரை மூன்றாம் வகை. அறிவியல் பட்டதாரி ஒருவர் வேண்டும். அதற்கு மேலே போனால் பொறியாளர். இன்னும் மேலே போனால், பொறியாளரும் அவர் உட்கார ஏசி அறையும்.

சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் விருமாண்டி கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“அப்ப முப்பதுக்குள்ள வந்தா வாட்ச்மேன் போதுங்கிறான்.”

“அப்படித்தான் போட்டிருக்குண்ணே.”

“நம்ம மச்சினன் சும்மாதான தம்பி இருக்கான்.”

“அண்ணே, அவருக்குப் படிகாரம் எது, கல்கண்டு எதுன்னு தெரியாது.”

“நக்கிப் பாத்தாத் தெரிஞ்சிரப்போகுது,” என்றார் விருமாண்டி. அவர் கெட்டவர் அல்ல. மச்சினன் அவர் வீட்டில் மூன்று வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆக, முப்பத்தொன்றுக்குக் கீழே போனால் மச்சினன். ஐம்பத்தைந்துக்கு மேலே போனால் பொறியாளர். நடுவில் இருந்த இடத்தில்தான் அருண்பாண்டியும் நாணலும் பிழைத்துக்கிடக்க முடியும்.

வகைப்பாட்டு அலுவலர் இன்பசேகரன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மடித்த கைக்குட்டையைக் காலருக்குள் செருகியிருந்தார். கையில் அட்டை போட்ட புள்ளிப் புத்தகம். முதல் தொட்டிக்கு ஐந்து புள்ளி, கிண்டும் தொட்டி எட்டு, தெளியும் தொட்டி ஐந்து, கரித்தொட்டி ஐந்து. இருபத்து மூன்று. பிறகு நாணலுக்கு முன்னால் நின்று புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இது என்ன?”

“நாணல் சார். இதுதான் கடைசியில சாயத்தை எடுக்குது.”

“புத்தகத்துல நாணல் இல்ல. செடிகொடி இருக்கு.” விரலை வைத்து வாசித்தார். “நிலைய வளாகத்தில் செடிகொடி மண்டியிருப்பின் பராமரிப்பின்மை. கழிக்க நாலு. பத்தொன்பது.”

“சார், தண்ணியைப் பாருங்க.” அருண்பாண்டி ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து நீட்டினான். அவர் அதை வாங்காமல் பரிவோடு பார்த்தார்.

“தண்ணி சுத்தமா இருக்கா இல்லையாங்கிறது வேற துறை தம்பி. நாங்க நிலையத்தை வகைப்படுத்துறவங்க. ஒருத்தருக்கு இருப்பிடச் சான்று குடுக்குறப்ப, அவரு அந்த வீட்டுல பொண்டாட்டியோட சண்டை போடாம இருக்காரான்னா பாக்குறோம்?”

“மோட்டார் இல்லாமலே ஓடுது சார். அதுக்கு எதுவும் கிடையாதா?”

“சுலபமா நடந்தா அதுக்கு வகை கிடையாது. அது பழக்கம்.”

கடைசி நம்பிக்கையாக, வாய்க்கால் போய்ச் சேரும் கண்மாய் இருந்தது. சுத்தமான தண்ணீர் ஒரு நீர்நிலையில் போய் விழுந்தால் ஆறு புள்ளி. கண்மாயில் கருவேலம் தவிர வேறு எதுவும் இல்லை. நடுவில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு போலத் தண்ணீர் கிடந்தது.

“அது எங்க தண்ணிதான் சார்.”

“உங்க தண்ணி உங்க தண்ணியில போய் விழுந்தா அது நீர்நிலை ஆகாது. உங்க குழாயோட நீட்சி,” என்று சொல்லிவிட்டு, மறுஆய்வுக்கு மூன்று வாரம் கொடுத்துப் போனார்.

அன்று மாலையே அருண்பாண்டி ஜூடுவின் மில்லுக்குப் போனான். அது எண்பத்தெட்டுப் புள்ளி நிலையம். முதல் வகை. காற்றடிக்கிற பெரிய இயந்திரம் ஒன்று, திறப்புவிழா அன்று போட்ட மாலையின் நாரோடு நின்றது. அதன்மேல் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள்.

“ஓடுமாடா இது?”

“ஓடுனாத் தேயும் மாப்ள. தேஞ்சாப் புள்ளி குறையும்,” என்றான் ஜூடு. “ஓடணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? நட்டு போல்ட்டு போட்டுத் தரையில இறுக்கியிருக்கணும். அம்புட்டுத்தான்.”

அருண்பாண்டி சங்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னான். இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று ஏதாவது தேறும் என்றுதான் நினைத்தான். ஆனால் பட்டறைக்காரர்களிடம் அது மொய் எழுதுவது போல ஆகிவிட்டது. ஒருவர் ஒரு மோட்டார் கொண்டுவந்தால் இன்னொருவர் அதைவிடப் பெரியதாக ஒன்று. ஒருவர் பள்ளிக்கூடத்துப் பழைய மணியை அபாயமணி என்று கொண்டுவந்து தொங்கவிட்டார். மேஜையும் ஆறு கண்ணாடிக் குழாயும் வைத்து ஆய்வகம். பக்கத்துக் களத்துமேடு, கசடு உலர்த்தும் களம் ஆனது. விருமாண்டி தன் பங்குக்கு ஜெனரேட்டரே இறக்கினார். கண்மாய்க்கு, ஆய்வு நாளன்று இரண்டு லாரித் தண்ணீர் ஏற்பாடு. கூட்டிப் பார்த்தபோது அறுபத்தொன்று வந்தது.

அருண்பாண்டி விருமாண்டியிடம் ஓடினான். “அண்ணே, ஜெனரேட்டரை எடுங்க. இன்ஜினியர் வந்துருவான்.”

“ஏன் தம்பி, கௌரவமா இருக்கட்டுமே.”

“ஏழு புள்ளிண்ணே அது.”

ஜெனரேட்டர் வந்த குட்டி யானை வண்டியிலேயே திரும்பிப் போனது. ஐம்பத்து நான்கு. அன்று இரவு அவன் நன்றாகத் தூங்கினான்.

மறுஆய்வுக்கு வந்த இன்பசேகரன் இரண்டு மோட்டாரையும் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். அபாயமணியின் கயிற்றை இழுத்தார். கணீரென்று அடித்தது. ஒரு நிமிடம் காத்திருந்தார்.

“யாரும் ஓடலையே.”

“ஆபத்து ஒண்ணும் இல்லையே சார்.”

“ஆபத்து இல்லாத இடத்துல அபாயமணிக்கு எப்படித் தம்பி புள்ளி போட முடியும்? கழிக்க அஞ்சு.”

ஆய்வக மேஜையில் சுண்ணாம்புக் கறை இருந்தது. “இது பொழங்குன மேஜை. ஆய்வகம்னா ஆய்வுக்குத் தயாரா இருக்கணும். இங்க ஏற்கெனவே ஆய்வு நடந்து முடிஞ்சிருக்கு. கழிக்க எட்டு.” களத்தில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். “இது வேளாண்மைத் துறை. ஆறு.” கண்மாயில் காலையில் ஊற்றிய இரண்டு லாரித் தண்ணீரை, அவர் இளநீர் குடித்து முடிப்பதற்குள் கண்மாயே குடித்துவிட்டது. “ஆறு.”

இருபத்தொன்பது.

“ரெண்டு புள்ளி சார்,” என்றான் அருண்பாண்டி. தன் குரல் இப்படிக்கூட வருமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. “ரெண்டே ரெண்டு.”

இன்பசேகரன் இரக்கம் இல்லாத மனிதர் அல்ல. புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தலைவர் வீட்டுல சாப்பாடு சொல்லியிருக்காரு. நான் போய்ச் சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போடுறேன். அப்ப என்ன இருக்கோ அதுதான் புள்ளி. எனக்குத் தெரிஞ்சு, ஒரு பராமரிப்பின்மை நாலு புள்ளியைத் தின்னுக்கிட்டு நிக்குது.”

ஜீப் கிளம்பியது. நாணல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் உயரம் இருக்கும். அருண்பாண்டி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு சோணையம்மாளின் காட்டுக்குப் போய்க் கதிரறுக்கும் அரிவாளைக் கேட்டு வாங்கிவந்தான். அவளும் பின்னாலேயே வந்தாள்.

“ஏய்யா, நல்லாத்தான நிக்குது. எதுக்கு அறுக்குற?”

“புள்ளி வேணும்க்கா.”

“அறுத்தா வருமா?”

“நாலு வரும்.”

“அம்புட்டுத்தானா?” என்றாள் சோணையம்மாள்.

அவன் குனிந்து அரிவாளைப் போட்டான். நான் இங்கே இருந்தால்தானே மறுபடியும் நட முடியும், மச்சினனா நடப்போகிறான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அறுத்தான். பாதி அறுப்பதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது. விருமாண்டி சாப்பாட்டுக்கு நடுவில் நிலைமையை விசாரித்துவிட்டு ஜேசிபியை அனுப்பினார். வேர்கள் பிடிக்க மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜேசிபிக்குப் பதினோரு நிமிடம் ஆனது. ஓட்டுநர் மிச்சமிருந்த நேரத்தில் பீடி பிடித்தார்.

பல் குத்திக்கொண்டே திரும்பிவந்த இன்பசேகரனின் முகம் மலர்ந்துவிட்டது. “இப்பத்தான் நிலையம் நிலையம் மாதிரி இருக்கு.” வெட்ட வெளியாகக் கிடந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தார். “இது என்ன, தொட்டியா? சொல்லவே இல்லையே தம்பி. இதுக்கு அஞ்சு.”

முப்பத்தெட்டு. மூன்றாம் வகை.

சான்றிதழ் வழங்க ஷாமியானா போட்டார்கள். இன்பசேகரன் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தார்.

“வகைப்பாடு வர்றதுக்கு முன்னாடி இந்தச் சுற்றுவட்டாரத்துல ஆறு நிலையம் ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்துச்சு. ஏன் ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா, தானா ஓடுதுன்னாங்க. எவ்வளவு ஆபத்தான நிலைமை பாருங்க. இன்னைக்கு நிலைமை வேற. எது ஓடலைன்னு எங்களால விரல் நுனியில சொல்ல முடியும். அது எந்த வகையில ஓடலைங்கிறதையும் சொல்ல முடியும். ஒரு நிர்வாகத்துக்கு இதைவிட என்ன வேணும்?”

கைதட்டல் நன்றாகவே இருந்தது. அருண்பாண்டியும் தட்டினான். இயக்குநர், மூன்றாம் வகை என்று அவன் பெயர் போட்ட பலகை ஒன்றையும் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் தண்ணீர் மாம்பழ மஞ்சளாக வந்தது. அதற்கடுத்த வாரம் மயில் கழுத்து. முகூர்த்த மாதம் நெருங்க நெருங்க, எந்தக் கலர் சேலை அதிகம் போகிறது என்பதைக் கடைக்குப் போகாமல் வாய்க்காலைப் பார்த்தே சொல்லலாம் போல ஆனது. அருண்பாண்டி படிகாரத்தைக் கூட்டிப் போட்டான், குறைத்துப் போட்டான், கரியை மாற்றினான். ஒன்றும் கேட்கவில்லை. சோணையம்மாள் வாய்க்காலை அடைத்தே வைத்திருந்தாள். சம்பங்கித் தோகை நுனியிலிருந்து காய ஆரம்பித்தது.

அவன் இன்பசேகரனுக்குப் போன் செய்தான். “சார், நாணலை மறுபடி நட்டுக்கிறேன்.”

“தாராளமா நடுங்க. பராமரிப்பின்மை நாலு, தொட்டி போச்சுன்னா அஞ்சு. முப்பத்தெட்டுல ஒன்பது போனா இருபத்தொன்பது. வாட்ச்மேன் யாரையாவது பாத்து வச்சிருக்கீங்களா?”

அவன் நடவில்லை. ஆனால் ஆணையத்துக்கு நகல் போகிற பதிவேட்டில் எழுதினான். ‘நிறம்: கத்திரிப்பூ. காரணம்: நாணல் இல்லை. நாணல் இல்லாததற்குக் காரணம்: வகைப்பாடு.’

பத்து நாளில் கடிதம் வந்தது. மூன்றாம் வகை நிலையத்தின் வெளியேற்று நீர் நிறமற்றது என்பது விதி எண் பதினான்கு. தங்கள் நிலையம் மூன்றாம் வகை. எனவே நீர் நிறமற்றது. அதில் தங்களுக்குக் கத்திரிப்பூ நிறம் தெரிவதால், ஏழு நாட்களுக்குள் கண் பரிசோதனைச் சான்று சமர்ப்பிக்கவும்.

அருண்பாண்டி கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றான். காலையில் போனவனை மத்தியானம் கூப்பிட்டார்கள். சொட்டு மருந்து விட்டு, எழுத்து வாசிக்கச் சொல்லி, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா, இப்படி ஒரு நல்ல கண்ணைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கண் கூசக் கூச அதை எடுத்துக்கொண்டு வகைப்பாட்டு அலுவலகத்துக்கே போனான்.

இன்பசேகரன் சான்றைப் படித்து மகிழ்ந்தார். “நல்லதாப் போச்சு. கண்ணுல குறை இல்ல. அப்ப கத்திரிப்பூன்னு எழுதுனது எழுத்துப் பிழை.”

“சார், நீங்களே வந்து பாருங்களேன்.”

“நான் எதுக்குத் தம்பி வரணும்? நான் பாத்தா அது சாட்சியம் ஆயிரும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க மேல எனக்குப் பிரியம் உண்டு. அதனால சொல்றேன். இன்னொரு தடவை வகைக்குப் பொருந்தாத ஒரு நெறம் பதிவேட்டுல வந்துச்சுன்னா, சான்றிதழ் ரத்து. உங்க தலைவர் மச்சினன் போன வாரமே மனு குடுத்துட்டுப் போயிருக்காரு. கையெழுத்துகூட நல்லா இருந்துச்சு.”

பைக்கில் திரும்பும்போது அருண்பாண்டி யோசித்துக்கொண்டே வந்தான். மச்சினன் வந்தால் படிகாரம்கூடப் போட மாட்டான். இப்போது கத்திரிப்பூவாக வருவது அப்போது கறுப்பாக வரும். ஆகவே தண்ணீர் இந்த அளவிலாவது இருக்க வேண்டுமானால் தான் இருக்க வேண்டும். தான் இருக்க வேண்டுமானால் பதிவேடு சரியாக இருக்க வேண்டும். எங்கே சுற்றினாலும் வந்து நிற்கிற இடம் ஒன்றாகவே இருந்தது.

மறுநாள் ஒன்றாம் தேதி. காலையில் ஆய்வக மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டில் புதுப் பக்கத்தைத் திறந்தான். எழுதுவதற்கு முன்னால் ஜூடுவுக்குப் போன் போட்டான்.

“மாப்ள, ஒரே மூச்சுல எழுதுனா பாத்தவுடனே தெரிஞ்சிருமா?”

ஜூடு சிரிக்கவில்லை. தொழில் சந்தேகத்துக்குப் பதில் சொல்லுகிற குரலில் சொன்னான். “ரெண்டு பேனா வச்சுக்க. நீலம், கறுப்பு. மாத்தி மாத்தி எழுது. அப்புறம், ஒரு நாளைக்காவது கொஞ்சம் கூட்டிப் போடு. எல்லா நாளும் நல்லா இருந்தா நம்ப மாட்டாய்ங்க.”

“எந்த நாளைக்கு?”

“கடைசி வாரத்துல எங்கயாவது போட்டுக்க.”

ஒன்றாம் தேதி: நிறம் இல்லை. இரண்டாம் தேதி: நிறம் இல்லை. கை முதலில் தயங்கியது, எட்டாம் தேதிக்கு மேல் சரளமாக வந்தது. இருபத்தேழாம் தேதிக்கு எதிரே, ‘லேசான கலங்கல்’ என்று எழுதினான். படித்துப் பார்த்தபோது, மாதத்தில் அது ஒன்றுதான் உண்மை போல இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. சோணையம்மாள் மண்வெட்டியோடு நின்றாள்.

“தம்பி, பயிரு தாங்காது போலருக்கு. தண்ணி எனக்கு இன்னைக்கும் கத்திரிப்பூவாத்தான் தெரியுது. உன்னையவே கண்ணைக் காட்டச் சொன்னாங்கன்னாங்க. எனக்கும் அறுபது ஆகிப்போச்சு, கண்ணு என்னத்தைக் கண்டுச்சு. புத்தகத்துல என்ன போட்டிருக்கு?”

அருண்பாண்டி பதிவேட்டைப் பார்த்தான். மை இன்னும் காயவில்லை.

“இருபத்தேழாம் தேதி மட்டும் லேசாக் கலங்கும்க்கா,” என்றான். “மத்த நாளெல்லாம் தெளிவுதான்.”

“அப்ப இருபத்தேழுக்கு மட்டும் அடைச்சுக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, அவள் வாய்க்காலைத் திறக்கப் போனாள்.

அவன் கறுப்புப் பேனாவை மூடிவிட்டு நீலத்தை எடுத்தான். இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது.